ஏறுகிறவன் பையில் ஃபியூஸ்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த பழைய கரன்ட் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு ஆபீசில் என்ன வேலை என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அங்கே டீ நன்றாக இருக்கும், காசை வேறு யாராவது கொடுத்துவிடுவார்கள். போன இடத்தில், புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளர் அம்மா ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். பழைய ஃபியூஸ் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பிரேக்கர் வைத்திருக்கிறார்கள். கோளாறு வந்தால் அதுவே விழுந்துவிடும். சரிசெய்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினால் போதும்.

"இனி ஃபியூஸ் கட்டுற தொல்லையே இல்லைங்க சார். நீங்கள்லாம் எவ்வளவு கட்டியிருப்பீங்க! எங்க பசங்களுக்கு அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார்.

பேசினேன். பத்து நிமிஷம் கேட்டால் ஒரு மணி நேரம் கொடுக்கிற தாராள மனசு எனக்கு. பாதியில் ஒருவர் கொட்டாவி விட்டார், பக்கத்தில் இருந்தவர் அதை வாங்கிக்கொண்டார். முக்கியமான கட்டத்துக்கு நான் வருவதற்குள் எங்கோ லைன் அறுந்துவிட்டதாகத் தகவல் வந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால் லைனை அவர்களே ஆள் வைத்து அறுத்திருப்பார்களோ என்று தோன்றியது. சொல்லாமல் விட்டது தொண்டையில் நிற்கிறது, அதனால் எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி, கொட்டாவி என் கண்ணில் படாது.

ஃபியூஸ் என்கிற இங்கிலீஷ் வார்த்தையை எங்கள் பக்கத்தில் 'பீசு' என்பார்கள். அது தெரியாத ஆள் நாமக்கல் சீமையில் கிடையாது. பல்பு எரியாவிட்டால் பல்பு பீசு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் 'மாப்பிள்ளைக்குப் பீசு போயிருச்சு.' பங்காளிச் சண்டையில் 'உன்ற பீசப் புடுங்கிருவேன் பாத்துக்க.' பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு 'உருகி' என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. பரீட்சையில் அப்படித்தான் நானும் எழுதினேன். வேலைக்கு வந்த பிறகு ஒருவர்கூட 'எங்க தோட்டத்துல உருகி உருகிப்போச்சுங்க' என்று வந்து நின்றதில்லை.

மெல்லிய கம்பி ஒன்று. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தான் உருகி அறுந்து, பின்னால் இருக்கிற மோட்டாரையும் வீட்டையும் காப்பாற்றும். இது புத்தகத்து அர்த்தம். எங்களுக்கு ஃபியூஸ் என்றால், அந்தக் கம்பியை முடுக்கி வைத்திருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டையும் சேர்த்துத்தான். சோப்புக்கட்டி அளவு இருக்கும், பிடிக்கக் கைப்பிடி இருக்கும். டிரான்ஸ்பார்மரின் கீழே நெஞ்சுயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் மேல்வரிசையில் மூன்று பித்தளைக் கவ்விகள், அவற்றில் எப்போதும் கரன்ட் நிற்கும். கீழ்வரிசையில் மூன்று, அவை தோட்டங்களுக்குப் போகிற லைன். மேலுக்கும் கீழுக்கும் பாலம் போட்டமாதிரி மூன்று ஃபியூஸ் கட்டைகள். கட்டையைப் பிடுங்கினால் லைன் செத்தது, செருகினால் உயிர் வந்தது. இவ்வளவுதான் பாடம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரன், தறிக்காரர் மகன். தறியில் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் வேலை செய்யவேண்டும். என் கையும் காலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டதே இல்லை. "இவன் நெய்ஞ்சா பாவு நூல் மொத்தமும் அறுந்துரும், கவர்மென்டுக்கே குடுத்துருவோம்" என்று என் அப்பா முடிவுசெய்தார். எழுபதுகளின் நடுவில் கரன்ட் ஆபீசில் உதவியாளாகச் சேர்ந்தேன். சேலத்தில் சில மாதம் பயிற்சி. கம்பம் ஏறக் கற்றுக்கொடுத்தார்கள், இறங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவதில் நான் கெட்டிக்காரன். பிறகு நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு பிரிவில் போட்டார்கள். அங்கே என் பெயரை ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. 'அம்மாபேட்டையாரே' என்று கூப்பிட்டார்கள், ஓய்வு பெறும்வரை அதுதான் நின்றது.

எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் குப்புசாமி. எல்.ஐ. என்போம். உயரமில்லை, குரலும் உயராது. மேலதிகாரியிலிருந்து மாடு மேய்க்கிறவர்வரை எல்லோரும் அவருக்குச் 'சாமி'தான். திட்டினாலும் "சாமி, நீங்க கழுதைங்களா?" என்றுதான் திட்டுவார். 'ங்க' குறையாது.

வந்த புதிதில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஃபியூஸ் போடச் சொன்னார்கள். ஆலை மோட்டாரை நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்காமலே கட்டையைச் செருகினேன். பளீரென்று ஒரு வெளிச்சம். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், செருப்பு ஆலை வாசலில் கிடந்தது. எல்.ஐ. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்தார்.

"சாமி, கெழங்கு புடுங்கற சீசன் இன்னும் வரலீங்களே. கெளம்பலாமுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. திரும்பக் கூட்டிவந்து, எரிந்துபோன கட்டையை என் கையில் கொடுத்தார். பீங்கானில் கறுப்பாகச் சிதறியிருந்தது. "இப்பிடித் தெறிச்சிருந்தா அடிச்சுக் கொன்னதுங்க, ஒரே அடி. பீங்கான் சுத்தமா இருந்து கம்பி மட்டும் நடுவுல அறுந்திருந்தா, பாரம் தாங்காம மெதுவாச் செத்ததுங்க. எப்பிடிச் செத்துதுன்னு பாக்காம புதுசு கட்டாதீங்க." பிறகு கம்பி கட்டக் காட்டினார். திருகைச் சுற்றிக் கம்பியை வலப்பக்கமாகவே சுற்றவேண்டும், அப்போதுதான் முடுக்கும்போது உள்ளே இழுக்கும். இழுத்துக் கட்டக்கூடாது, இழுத்தால் கம்பி மெலிந்துவிடும். இதையே அன்று பொழுதுக்கும் கட்டவைத்தார். அவிழ்ப்பார், கட்டச் சொல்வார், அவிழ்ப்பார்.

கம்பம் ஏறுகிற நாளில் அவர் ஆளே வேறு. ஏறப்போகிறவன் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க சாமி, உங்க சம்சாரத்துக்கு வயசு என்னங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்ட எவனும் பட்டையை இன்னொரு தரம் முடுக்காமல் ஏறியதில்லை. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. "உங்களுக்கு இனிமேத்தான் வரோணும், வந்து சேரட்டுமுங்க" என்பார்.

அவர் விதி ஒன்று. ஒரே ஒரு கம்பியில் வேலை என்றாலும் மூன்று ஃபியூஸையும் பிடுங்கவேண்டும். பிடுங்கியது பெட்டியடியில் நிற்கிறவனிடம் இருக்கக்கூடாது, கம்பம் ஏறுகிறவன் பையில்தான் இருக்கவேண்டும். அவன் வேலை முடித்து இறங்கி, நடந்து வந்து, தன் கையாலேயே செருகவேண்டும். "உசுரு எவுனுதோ பீசு அவன் பையில. வேல முடிஞ்சுதுன்னு ஆரு வந்து சொன்னாலும் நம்பாதீங்க. நானே வந்து சொன்னாலும் நம்பாதீங்க. பீசு வந்தாத்தான் ஆளு வந்ததுங்க."

இன்னொன்றும் உண்டு. ஏறியதும் எர்த் சங்கிலியை லைனில் மாட்டவேண்டும். தப்பித் தவறி எவனாவது கரன்ட் விட்டால் அது மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைப்பான்.

விதி நல்ல விதிதான். ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்திருந்தார்கள். மோட்டார் ஓடுகிற பருவத்தில் ஃபியூஸ் தினமும் போகும். சைக்கிளில் ஆள் அனுப்பி, நாங்கள் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் வயல் காய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு கிணற்று மோட்டார் ரூமிலும் சொந்தமாக ஃபியூஸ் கட்டைகள் ஆணியில் தொங்கும். சைக்கிள் பிரேக் கம்பி, கொண்டை ஊசி, எது கிடைத்தாலும் அதில் கட்டியிருப்பார்கள். போனால் அவர்களே போட்டுக்கொள்வார்கள். எங்களுக்கும் மிதிக்கிற வேலை மிச்சம் என்று பார்த்தும் பார்க்காதமாதிரி வருவோம். எல்.ஐ. ஒருவர்தான் அந்தக் கட்டைகளைக் கண்டால் முகம் சுருங்குவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. விடியும்போதே காற்றும் மழையும். தென்னை மட்டை விழுந்து ஒரு லைனில் கம்பி அறுந்துவிட்டது. எல்.ஐ. வேறொரு பக்கம் சாய்ந்த கம்பத்தைப் பார்க்கப் போயிருந்தார். ஆபீசில் இருந்தது காதர் அண்ணனும் நானும். காதர் அண்ணன் என்னைவிட மூத்த லைன்மேன், நாமக்கல்காரர், மெலிந்த ஆள். கம்பத்தில் அணில் மாதிரி ஏறுவார். நான்கு சிறு பெண்பிள்ளைகளின் தகப்பன்.

பெட்டியில் மூன்று ஃபியூஸையும் பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீ இங்கயே நில்லு. ஒருத்தனையும் கிட்ட உடாத. அப்புறம், கத பேசறேன்னு எங்கயும் போயிராத."

"மழையில எவன் வந்து எங்கிட்டக் கத கேக்கப்போறான்?"

"கேக்காட்டியும் சொல்லுவியே."

சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கம்பி அறுந்த இடம் தென்னந்தோப்புக்கு அப்பால், ஓடை திரும்புகிற இடத்தில். பெட்டியடியில் இருந்து பார்த்தால் தெரியாது, கத்தினாலும் கேட்காது.

பெட்டிக்கு எதிரிலேயே நல்லமுத்து என்பவரின் கோழிப்பண்ணை. கடலைக்காட்டை விட்டுவிட்டு அப்போதுதான் பண்ணையில் இறங்கியிருந்தார். கொட்டகையில் இருந்து கீச்சுக்கீச்சென்று ஒரே இரைச்சலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் எனக்கு அது சந்தோஷமான சத்தம் என்று பட்டது. பள்ளிக்கூடம் விட்டமாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இலையில் விழுந்த பிறகுதான்.

நல்லமுத்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க அம்மாபேட்டையாரே, கரன்ட் எப்ப வருமுங்க? காத்தால வேன்ல குஞ்சு எறக்கியிருக்கறேன். நேத்துப் பொரிச்ச குஞ்சுங்க. பல்புச் சூடு இல்லாட்டிக் குளுருல செத்துருமுங்க."

"கரிச்சட்டி வைக்கலையா?"

"கொட்டாயி ஒழுகிக் கரி மூட்டை நனஞ்சுபோச்சு. ஊட்டுப் பொம்பளைங்க அடுப்புத் தணல வாரிக்கிட்டுத்தான் இருக்கறாங்க. இன்னும் எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

"காதரண்ணன் இப்ப வந்துருவாருங்க. அவர் வேலைன்னா மின்னல்."

நல்லமுத்து போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாவது தரம் வரும்போது கூடவே அவர் மச்சினனும் வந்தார். மச்சினன் கையில் துணிப்பை. பை ஆடியபோது பீங்கான் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் புரியாமல் போகுமா?

"மச்சான் சொன்னாருங்க, பீசு உங்ககிட்ட இல்லையாமே. நாங்க கொண்டாந்துட்டோம்" என்றார் மச்சினன், பெரிய உபகாரம் செய்கிறமாதிரி.

"அண்ணே, லைன்ல ஆள் இருக்காரு."

"எங்க இருக்காரு? காட்டுங்க பாக்கலாம்."

காட்ட எங்கே போவேன்? தென்னந்தோப்புதான் தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் இறங்கினேன். குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஓடிய கதையைச் சொன்னேன். எல்.ஐ. செருப்பு எடுத்துவந்ததைச் சொன்னேன். நல்லமுத்து பாதிச் சிரிப்புச் சிரித்தார், பாவம், மரியாதைக்கு. அப்போது கொட்டகைச் சத்தம் குறைந்தது.

அதுவரை இரைச்சல் என்று நினைத்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு மூலையில் இருந்து மட்டும் வந்தது. நல்லமுத்து முகத்தைப் பார்த்துத்தான் அதற்கு அர்த்தம் புரிந்துகொண்டேன். குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே மூலையில் குவியும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

"ஏனுங்க..." என்றார் நல்லமுத்து. கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் தோப்புப் பக்கமிருந்து பாவாயி அக்கா வந்தார். புல் அறுக்கப் போனவர், தலையில் நனைந்த புல்லுக்கட்டு. எல்லோருக்கும் தெரிந்தவர், பொய் வாயில் வராத மனுஷி.

"அக்கா, அங்க கரன்டுக்காரரப் பாத்தீங்களா?" என்று மச்சினன் கேட்டார்.

"பாத்தனே. பாயி கம்பத்துல இருந்து எறங்கிட்டாரு. கம்பி கட்டியாச்சு, இனிக் கரன்ட் வந்துரும்னு அவுரே சொன்னாரு சாமி." சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டோடு நடையைக் கட்டினார்.

மச்சினன் என்னைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? இப்ப என்ன சொல்றீங்க?"

எனக்கே அப்பாடா என்று இருந்தது. காதர் அண்ணன் இறங்கிவிட்டார், அவரே சொல்லியிருக்கிறார், சொன்னவர் பாவாயி அக்கா. தோப்பைத் தாண்டி நடந்துவர வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அந்த மூலையில் இன்னும் எத்தனை சாகுமோ. போடட்டுமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே அந்த உயராத குரலும் வந்தது. நானே வந்து சொன்னாலும் நம்பாதீங்க.

"ஃபியூஸ் இன்னும் வரலீங்க" என்றேன்.

"அதான் எங்ககிட்ட இருக்குதே!"

"அவர் பையில இருக்கிறது வரணும்."

"ஆளு எறங்கிட்டாருங்கறாங்க. நீ பீசுக்குப் பூச போட்டுக்கிட்டு நிக்கற!" 'ங்க' போய்விட்டது. மச்சினன் என்னைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு பெட்டிக் கதவைத் திறந்தார். பையில் இருந்து ஒரு கட்டையை எடுத்தார்.

பலசாலி ஆள். நான் தறிக்குக்கூட ஆகாதவன். தள்ளினால் விழுகிறவன் தள்ளி ஜெயிக்க முடியாது. என்ன யோசித்தேன் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். அவர் கைக்குக் கீழே என் கையை விட்டு, கீழ்வரிசையின் நடுக் கவ்வியைப் பிடித்துக்கொண்டேன். அது செத்த பக்கம். அதற்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி உயிருள்ள கவ்வி. நான் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்பப் போடுங்க" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, ஆட்டுக்குட்டி பேசியமாதிரி இருந்தது. "காதரண்ணன் உங்க கண்ணுக்குத் தெரியல. என்னத் தெரியுதுல்ல? நீங்க போட்டா அவருக்கு என்ன ஆகுமோ அது மொதல்ல எனக்கு ஆகட்டும்."

மச்சினன் கட்டையோடு நின்றார். மழை மூன்று பேர்மேலும் பெய்தது. மனதில் உயர்ந்த எண்ணம் ஒன்றும் ஓடவில்லை. இந்த ஆளுக்குத் தும்மல் வந்தால் என் கதி என்ன என்பதுதான் ஓடியது. மேல் கவ்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் சத்தம் இன்னும் இறங்கியது.

"எடு மாப்ள கைய" என்றார் நல்லமுத்து.

"மச்சான், குஞ்சு..."

"எடுன்னு சொல்றன்ல."

மச்சினன் கையை எடுத்தார். நல்லமுத்து என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஊடுகள்ல இருக்கற தணலெல்லாம் வாரிக்கிட்டு வரச் சொல்லு. துப்பட்டி, கம்பளி எது இருந்தாலும் கொண்டா" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்கு ஓடினார். மச்சினன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார். நான் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை, விரல்கள் கவ்வியோடு மடங்கிப்போய் நின்றுவிட்டன.

காதர் அண்ணன் வந்தபோது மழை விட்டிருந்தது. தோப்பில் இருந்து வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சாவகாசமாக வந்தார். தணல் சட்டியோடு குறுக்கே போன நல்லமுத்து அவரைப் பார்த்து நின்றார்.

"ஏம்பாயி இவ்வளவு நேரம்? எறங்கிட்டீங்கன்னாங்களே?"

"எறங்கிட்டேன். பாவாயக்காகிட்டக்கூடச் சொன்னேன். நாலு எட்டு வெச்சதும் பாத்தா, அடுத்த கம்பத்துல கட்டு அவுந்து கம்பி தொங்குது. அப்பிடியே உட்டா நாளைக்கு மாடோ மனுசனோ மிதிக்கும். மறுபடி ஏறி இழுத்துக் கட்டிட்டேன். இப்பத்தான் எறங்கறேன்."

"மறுபடி ஏறுனப்ப எர்த் சங்கிலி மாட்டுனீங்களாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"அதான் கழட்டிச் சுருட்டிட்டனே. ஒரு கட்டுதானேன்னு..." என்றவர், என் கை இருக்கிற இடத்தை அப்போதுதான் பார்த்தார். கீழே கிடந்த துணிப்பையைப் பார்த்தார். பையில் இருந்து எட்டிப்பார்த்த பீங்கானைப் பார்த்தார். பாட்டு நின்றது.

நல்லமுத்து தணல் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தானும் அப்படியே குந்திவிட்டார். காதர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டிருப்பங்க" என்றார். "இந்தாளு கைய வெக்கலைன்னா போட்டிருப்பங்க."

காதர் அண்ணன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கவ்வியில் இருந்து எடுத்தார். தன் பையில் இருந்து மூன்று கட்டைகளையும் எடுத்துத் தானே செருகினார். மூன்றாவதைச் செருகும்போது கொட்டகைத் தகரத்தின் இடுக்கெல்லாம் மஞ்சளாக வெளிச்சம் வந்தது. பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. பிழைக்காதவற்றை நல்லமுத்துவின் மனைவி கூடையில் வாரிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். கூடை நிறைந்திருந்தது. அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எல்.ஐ. எங்கள் இருவரையும் பெட்டியடிக்குக் கூட்டிப்போனார். மேலே சுவிட்சை இழுத்து டிரான்ஸ்பார்மரையே நிறுத்திவிட்டு, "எங்கிங்க கைய வெச்சீங்க, வெச்சுக் காட்டுங்க" என்றார். வைத்தேன். குனிந்து, மேல் கவ்விக்கும் என் விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தார். நான் பாராட்டுக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சாமி, ஆபீசுல இன்னொரு எர்த் சங்கிலி ஆணியில தொங்குதுங்களே, பாத்திருக்கறீங்களா?"

"பார்த்திருக்கேனுங்க."

"அதக் கொண்டாந்து கீழ்க்கவ்வி மூணையும் சேத்துக் கட்டி மண்ணுல எறக்கியிருந்தா, எவன் பீசு போட்டாலும் அந்தப் பீசுதானுங்க வெடிச்சிருக்கும். நீங்க அந்த மரத்தடியில உக்காந்து பஜ்ஜி தின்னிருக்கலாமுங்க. சங்கிலி செய்யற வேலைக்கு எதுக்குங்க கைய வெச்சீங்க?"

என் முகத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை. பிறகு திரும்பினார்.

"காதர்" என்றார்.

சாமி இல்லை, 'ங்க' இல்லை, வெறும் பெயர். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காதர் அண்ணன் தலையைத் தொங்கப்போட்டார். அன்றுமுதல் கம்பத்தில் ஒரு சங்கிலி, பெட்டியில் ஒரு சங்கிலி என்று எங்கள் பிரிவில் வழக்கமாயிற்று. காதர் அண்ணன் ஓய்வு பெறும்வரை, பல்பு மாற்றக்கூட எர்த் போடுவார் என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அங்கிருந்து எல்.ஐ. ஒரு காலிச் சாக்கை என் தோளில் போட்டுத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப்போனார். ஒவ்வொரு கிணற்றடியிலும் நின்று, "சாமி, உங்களுதுல ரெண்டு மூணு பீசுக் கட்டை இருக்குதாமுங்களே" என்பார். "எங்களுதுலயா? அய்யய்யோ, அதெல்லாம் நாங்க வெக்கறதில்லைங்க" என்பார்கள், ஆணியை முதுகால் மறைத்துக்கொண்டு. சாக்கு காலியாகவே இருந்தது. பார்க்கிறவர்கள் நான் புளி வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நல்லமுத்து பண்ணைக்கு வந்தோம். ராத்தூக்கம் இல்லாமல் கண்ணெல்லாம் சிவந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். எல்.ஐ. கேட்பதற்கு முன்பே எழுந்து உள்ளே போய் அந்தத் துணிப்பையைக் கொண்டுவந்து சாக்கில் கவிழ்த்தார்.

"இந்தாங்க. ஒண்ணுகூட வெச்சுக்கலைங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா அம்மாபேட்டையாரே, இத நான் குடுத்துட்டா, பீசு போனா நீங்க வந்தாகோணும். சாப்பிடறேன், தூங்கறேன், மழைன்னு சொல்லப்படாது. ஆளு வந்தா அந்தாளு பின்னாடியே நீங்க வாரோணும். சொல்லுங்க."

எல்.ஐ. என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

"வந்துர்றேனுங்க" என்றேன்.

நல்லமுத்து கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் மற்ற தோட்டக்காரர்களின் ஆணிகளும் மெல்லக் காலியாயின. சாக்கு என் முதுகை முறிக்கிற பாரமாயிற்று.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மத்தியானம், சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டேன். மச்சினன் சைக்கிளில் வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். இறங்கவில்லை, மணியை மட்டும் அடித்தார். நான் கையைக் கழுவிவிட்டு என் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தேன். அவரும் முன்னால் மிதித்துக்கொண்டே என்னைத் திட்டியிருப்பார்.

பெட்டியடியில் நல்லமுத்து தனியாக நின்றார். பெட்டிக் கதவு பாதி திறந்திருந்தது. ஃபியூஸ் ஒன்று போயிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. கொட்டகையில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார்.

"பாத்துக்கங்க" என்றார். "தொடலைங்க."